மிரர் செய்த வன்வட்டு இணையில் பழுதான வட்டை மாற்றுவது எப்படி: லினக்ஸ் மென்பொருள் ரெய்டு

இரண்டு வன்வட்டுகளை, ஒரே தரவை இரண்டிலும் எழுதும் ரெய்டு 1 முறையில் மிரராக இணைத்து வைத்திருக்கும் லினக்ஸ் கணினியில் ஒரு வட்டு பழுதானால், அந்தக் கணினி பெரும்பாலும் நிற்பதில்லை. கோப்புகள் வழக்கம்போலத் திறக்கும், அலுவலகத்தில் எவரும் குறை சொல்ல மாட்டார்கள், நிர்வாகியும் எச்சரிக்கை மின்னஞ்சலுக்கு ஏற்பாடு செய்திருக்காவிட்டால் வாரக்கணக்கில் அதை அறியாமலே இருக்கக்கூடும். ஆனால் அந்த நொடியிலிருந்து தரவு முழுவதும் ஒரே ஒரு வட்டை நம்பி இருக்கிறது. அந்த வட்டும் செத்ததோடு ஒரே நாளில் வாங்கி, ஒரே பெட்டியில், ஒரே வெப்பத்தில், ஒரே அளவு நேரம் ஓடியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். எனவே வட்டை மாற்றும் வேலையில் நாம் உண்மையில் காக்க வேண்டியது உயிரோடு மிஞ்சியிருக்கும் வட்டைத்தான். செத்த வட்டால் இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை. நல்ல வட்டைத் தவறிக் கழற்றுவதாலும், நகலெடுக்கும் கட்டளையைத் திசை மாற்றித் தட்டுவதாலும்தான் இழப்பு வரும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் அமைப்பு டெபியன் அல்லது உபுண்டு கணினி ஒன்று. அதில் தலா 4 டெராபைட் கொண்ட இரண்டு சாட்டா வட்டுகள், எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களில் இருக்கின்றன. அவற்றின் பார்ட்டிஷன்களான (வட்டைப் பிரித்த பகுதிகளான) எஸ்டிஏ1, எஸ்டிபி1 இரண்டும் சேர்ந்து எம்டி0 என்ற ரெய்டாக இயங்குகின்றன. பழுதானது எஸ்டிபி என்று கொள்வோம். கையாளும் கருவி, நீல் பிரவுன் 2001இல் எழுதிய எம்டிஆட்ம். கட்டளைகளின் பெயர்களையும் விருப்பச் சொற்களையும் ஒலிப்படி தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான எழுத்துகளில், முழுச் சொல்லாக வரும் விருப்பங்களுக்கு முன் இரட்டைச் சிறுகோடும் ஒற்றை எழுத்து விருப்பங்களுக்கு முன் ஒற்றைச் சிறுகோடும் இட்டு, ரூட் உரிமையோடு தட்ட வேண்டும். வட்டுப் பெயர்களுக்கு முன்னால் டெவ் அடைவின் பாதையும் வேண்டும்.

உண்மையில் பழுதானது எது?

முதலில் ப்ராக் அடைவில் உள்ள எம்டிஸ்டாட் கோப்பைக் கேட் கட்டளையால் படியுங்கள். நலமாக இருக்கும் இணைக்குச் சதுர அடைப்புக்குள் இரண்டு யூ எழுத்துகள் தெரியும். ஒரு வட்டு விழுந்திருந்தால் ஒரு யூவின் இடத்தில் அடிக்கோடு இருக்கும், விழுந்த பார்ட்டிஷனின் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் எஃப் என்ற எழுத்து இருக்கும். வட்டு முற்றிலும் மறைந்து, அதன்பின் கணினியும் ஒருமுறை மறுதொடக்கம் ஆகியிருந்தால் அந்தப் பெயரே அங்கே இருக்காது. அடுத்து எம்டிஆட்ம் கட்டளையை டீடெய்ல் விருப்பத்தோடு எம்டி0 மீது ஓட்டினால், நிலை என்ற வரியில் கிளீன், டிகிரேடட் என்று வருவதையும், எந்த இடம் காலியாக இருக்கிறது என்பதையும் காணலாம். இந்த வெளியீட்டைக் கோப்பாகச் சேமித்து வேறொரு கணினிக்கு அனுப்பி வையுங்கள். வேலை நடுவில் சிக்கினால், ரெய்டின் அடையாள எண்ணும், ரெய்டு தன்னைப் பற்றி வட்டில் எழுதி வைக்கும் குறிப்பான மெட்டாடேட்டாவின் பதிப்பும் அந்தக் கோப்பில்தான் கைக்குக் கிடைக்கும்.

ரெய்டு ஒரு வட்டை வெளியேற்றிவிட்டது என்பதற்காகவே அந்த வட்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. டிமெசேஜ் கட்டளை காட்டும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பதிவில் படிப்புப் பிழைகள் வந்திருக்கின்றனவா, அல்லது சாட்டா இணைப்பே அறுந்து அறுந்து மீண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வட்டின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையைச் சிறிய எழுத்து ஏ விருப்பத்தோடு எஸ்டிபி மீது ஓட்டி, பண்பு அட்டவணையில் நான்கு எண்களைக் கவனியுங்கள். 5ஆம் எண் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்களின், அதாவது வட்டில் தரவு எழுதப்படும் சிறு கட்டங்களின், கணக்கு. 197 படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்களின் கணக்கு. 198 திருத்த முடியாதவை. இம்மூன்றின் மூல மதிப்பு பூஜ்யத்தைவிட்டு உயர்ந்து நாளுக்கு நாள் ஏறினால் வட்டின் காலம் முடிகிறது என்று பொருள். 199 மட்டும் வேறு கதை சொல்கிறது: அது கேபிள் வழியே தரவு போகும்போது நேர்ந்த பிழைகளின் கணக்கு. மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறியிருந்தால், புது வட்டுக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவழிப்பதற்கு முன் சாட்டா கேபிளை மாற்றிப் பார்ப்பதே அறிவு. மின் இணைப்பைப் பல வட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் மலிவான ஸ்பிளிட்டர்களும் இதே மாதிரியான மாயப் பழுதுகளை உண்டாக்கும்.

சாதாரண மேசைக் கணினிக்கான வட்டுகளில் இன்னொரு காரணமும் உண்டு. படிக்க முடியாத செக்டர் ஒன்றைச் சந்தித்தால் அவ்வகை வட்டு விடாமல் திரும்பத் திரும்ப முயலும். அந்த முயற்சி ஒரு நிமிடத்தையும் தாண்டக்கூடும். லினக்ஸ் கெர்னலோ இயல்பாக 30 நொடிகளே பொறுத்திருக்கும். அதன்பின் இணைப்பை மீட்டமைக்க முயலும், வட்டு அப்போதும் பதில் தராவிட்டால் ரெய்டு அதை வெளியேற்றிவிடும். இப்படி ஒரேயொரு கெட்ட செக்டருக்காக முழு வட்டும் வெளியே போகிறது. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் சிறிய எழுத்து எல் விருப்பத்தோடு எஸ்சிடிஇஆர்சி என்ற சொல்லைக் கொடுத்து, வட்டு எத்தனை நொடியில் கைவிட வேண்டும் என்று அமைக்கலாம். 70 என்ற மதிப்பு ஏழு நொடிகளைக் குறிக்கும். ரெய்டுக்கென விற்கப்படும் வட்டுகளில் இது பொதுவாக முன்பே அமைந்திருக்கும். வட்டு இவ்வசதியை ஏற்காவிட்டால், சிஸ் அடைவில் அந்த வட்டுக்குரிய டைம்அவுட் கோப்பில் 30 என்பதை 180 ஆக உயர்த்துவதே மாற்று வழி. இரண்டு அமைப்புகளும் மின்சாரம் போனால் அழிந்துவிடக்கூடியவை என்பதால், தொடக்கத்தில் தானே ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்றில் அவற்றை எழுதி வைக்க வேண்டும்.

தொடுவதற்கு முன் நகல்

பழுது உறுதியானதும் கை தானாக ஸ்குரூடிரைவரைத் தேடும். அதற்கு முன் மிஞ்சியிருக்கும் எஸ்டிஏ வட்டின் உடல்நிலையை அதே ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் பார்த்துவிட்டு, அதிலுள்ள தரவை வெளி வட்டுக்கோ வேறு கணினிக்கோ பேக்கப் எடுங்கள். தினசரி பேக்கப் இருந்தாலும் அது திறக்கிறதா என்று ஒரு கோப்பையாவது மீட்டுப் பாருங்கள். காரணம் எளிது: புது வட்டைச் சேர்த்தவுடன் ரெய்டு மிஞ்சிய வட்டை முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை ஒன்று விடாமல் படிக்கும், பல ஆண்டுகளாக எவரும் தொடாத பகுதிகள் உட்பட. நுகர்வோர் வட்டுகளின் விவரத்தாளில் பத்தின் 14ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒரு படிப்புப் பிழை வரை எதிர்பார்க்கலாம் என்று குறிப்பிட்டிருப்பார்கள். அது ஏறத்தாழ 12.5 டெராபைட். நடைமுறையில் வட்டுகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன என்றாலும், மறைந்திருக்கும் கெட்ட செக்டர்கள் வெளிப்படும் நாள் இதுதான். எஸ்டிஏவிலும் 197ஆம் எண் பூஜ்யமாக இல்லை என்றால், பேக்கப் முடியாமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

பார்ட்டிஷன் அட்டவணையையும் இப்போதே எடுத்து வையுங்கள். எஸ்எஃப்டிஸ்க் கட்டளையை டம்ப் விருப்பத்தோடு எஸ்டிஏ மீது ஓட்டி, வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால் போதும். பின்னால் இந்தக் கோப்புக்கு வேலை இருக்கிறது.

எந்த வட்டை வாங்குவது

புது வட்டு பழையதைவிட ஒரு செக்டர்கூடச் சிறியதாக இருக்கக் கூடாது. முன்பெல்லாம் ஒரே கொள்ளளவு அச்சிட்ட இரு நிறுவன வட்டுகள் சில மெகாபைட் வேறுபட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்பும். இன்று உற்பத்தியாளர்கள் பொதுவான ஒரு கணக்கைப் பின்பற்றுவதால், 4 டெராபைட் வட்டு என்றால் பெரும்பாலும் 512 பைட் கணக்கில் 7,81,40,37,168 செக்டர்கள் இருக்கும். ஆயினும் யுஎஸ்பி பெட்டியிலிருந்து பிரித்தெடுத்த வட்டு, சர்வர்களுக்கான தனி ஃபர்ம்வேர் கொண்ட வட்டு போன்றவற்றை நம்பிவிடாமல் பிளாக்டெவ் கட்டளையின் கெட்எஸ்இசட் விருப்பத்தால் எண்ணிப் பாருங்கள். பெரிய வட்டு வாங்குவதில் தவறில்லை. கூடுதல் இடம் இப்போதைக்குச் சும்மா கிடக்கும், மற்ற வட்டையும் ஒருநாள் பெரியதாக மாற்றும்போது பயன்படும்.

பதிவு முறையையும் பார்த்து வாங்க வேண்டும். தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஓரளவு படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை வட்டுகள், ஓயாமல் எழுத நேரும்போது மிகவும் மெதுவாகிவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் ரெட் வரிசையின் சில மாதிரிகள் இவ்வகையைச் சேர்ந்தவை என்று 2020இல் ஒப்புக்கொண்ட பிறகுதான் பலரும் இதைக் கவனிக்கத் தொடங்கினார்கள். மிரரை மீட்டுருவாக்கும்போது எழுத்து வரிசையாகவே போவதால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வட்டுகளில் தரவைப் பரப்பும் ரெய்டு 5 அளவுக்குப் பாதிப்பு இராது. இருந்தாலும் ஒரே விலைக்குத் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வட்டு கிடைக்கும்போது எஸ்எம்ஆரை வாங்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பெட்டிக்குள் எது எஸ்டிபி?

எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் வட்டுகளுக்கு நிரந்தரமானவை அல்ல. கெர்னல் எதை முதலில் கண்டதோ அதற்கு முதல் எழுத்தைக் கொடுக்கிறது. மறுதொடக்கத்தில் இரண்டும் இடம் மாறலாம். எம்டிஸ்டாட் காட்டும் யூவும் அடிக்கோடும் ரெய்டுக்குள் உள்ள இடவரிசையைக் குறிக்கின்றனவே தவிர, மதர்போர்டின் சாட்டா துளைகளின் வரிசையை அல்ல. ஆகவே இரண்டாவது யூ போய்விட்டது, இரண்டாவது கேபிளைப் பிடுங்கலாம் என்று நினைப்பதுதான் நல்ல வட்டைக் கொல்லும் நேர்வழி.

நம்பத்தக்க அடையாளம் சீரியல் எண் ஒன்றே. எல்எஸ்பிளாக் கட்டளையில் பெயர், அளவு, மாடல், சீரியல் ஆகிய பத்திகளைக் கேட்டுப் பெறுங்கள்; அல்லது டெவ் அடைவுக்குள் டிஸ்க், அதற்குள் பைஐடி என்ற அடைவைப் பட்டியலிட்டால் மாடலும் சீரியல் எண்ணும் சேர்ந்த பெயர் எந்த எழுத்தைச் சுட்டுகிறது என்று தெரியும். இரண்டு வட்டுகளின் சீரியல் எண்களையும் ஒரு தாளில் எழுதி, ஒன்றின் எதிரே நல்லது என்றும் மற்றொன்றின் எதிரே பழுது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். செத்த வட்டு பதிலே தராமல் மறைந்துவிட்டால் கவலை இல்லை: எஸ்டிஏவின் எண் கிடைத்தாலே போதும், அந்த எண் இல்லாத வட்டுதான் கழற்ற வேண்டியது. வட்டின் மேல் ஒட்டிய தாளில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட்ட பிறகே கேபிளில் கை வைக்க வேண்டும். விளக்கு உள்ள டிரே கொண்ட சர்வர்களில், நல்ல வட்டிலிருந்து டிடி கட்டளையால் எதையாவது தொடர்ந்து படிக்க வைத்து, எந்த விளக்கு விடாமல் மினுக்குகிறது என்று பார்க்கலாம். அப்போதும் அது துணைச் சான்றுதான், சீரியல் எண்ணுக்கு மாற்று அல்ல.

கழற்றுதல்

ரெய்டு தானாகவே வட்டை வெளியேற்றியிருந்தால் பழுது என்று நாம் குறிக்கும் வேலை இல்லை. அப்படி இல்லாவிட்டால் எம்டிஆட்ம், பிறகு எம்டி0, பிறகு ஃபெயில் என்ற விருப்பம், இறுதியில் எஸ்டிபி1 என்ற ஒழுங்கில் தட்டுங்கள். பிறகு ஃபெயில் இருந்த இடத்தில் ரிமூவ் என்று மாற்றி அதையே தட்டினால் பார்ட்டிஷன் ரெய்டிலிருந்து விடுபடும். வட்டு முழுவதும் மறைந்து அதன் பெயரே கணினியில் இல்லாதபோது, எஸ்டிபி1 என்பதற்குப் பதிலாக டிடாச்டு என்ற சொல்லைக் கொடுத்தால் காணாமல் போனவற்றை எம்டிஆட்ம் தானே தேடி நீக்கும்.

இங்கே ஒரு கவனம் தேவை. பல கணினிகளில் ஒரே இணை வட்டில் பூட் பகுதிக்கு ஒன்று, ரூட் பகுதிக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று என்று பல ரெய்டுகள் தனித்தனிப் பார்ட்டிஷன்களில் இருக்கும். எஸ்டிபி1 மட்டும் விழுந்து, எஸ்டிபி2 இன்னொரு ரெய்டில் நலமாக ஓடிக்கொண்டிருக்கலாம். வட்டைக் கழற்றுவதற்கு முன் அதன் எல்லாப் பார்ட்டிஷன்களையும் அந்தந்த ரெய்டிலிருந்து இதே முறையில் குறித்து நீக்க வேண்டும். நினைவகத்துக்குத் துணையாகும் ஸ்வாப் பார்ட்டிஷன் மிரர் செய்யப்படாமல் அந்த வட்டில் தனியாக இருந்தால் ஸ்வாப்ஆஃப் கட்டளையால் அதை நிறுத்துங்கள்.

அதன்பின் கணினியை முறைப்படி அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு நிலைமின்னை இறக்கிவிட்டு வட்டை மாற்றுவதே பாதுகாப்பானது. ஓடும்போதே மாற்றும் வசதி உள்ள சர்வராக இருந்தால், சிஸ் அடைவில் எஸ்டிபிக்குரிய டிவைஸ் பகுதியிலுள்ள டிலீட் கோப்பில் 1 என்று எழுதி, வட்டு சுழற்சி நிற்கும் வரை சற்றுக் காத்திருந்து டிரேயை இழுக்கலாம். ஓடும்போதே மாற்ற முடியும் என்று சாட்டா வடிவமைப்பு சொல்கிறது. ஆனால் நல்ல வட்டும் அதே மின்கம்பித் தொடரில் தொங்கும் சாதாரணப் பெட்டியில் அந்தத் துணிச்சலுக்கு அவசியம் இல்லை. பழைய வட்டு இருந்த அதே துளையில், கூடுமானால் புதுக் கேபிளோடு, புது வட்டை மாட்டுங்கள். சர்வர்களுக்கான சில வட்டுகள் பழைய எஸ்எம்பிஎஸ் மின்வழங்கியின் சாட்டா மின்முனையில் சுழலவே மாட்டா. மூன்றாவது ஊசியில் வரும் 3.3 வோல்ட்டை அணைக்கும் சைகையாக அவை எடுத்துக்கொள்வதே காரணம். புது வட்டு செத்தே வந்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் இதையும் பாருங்கள்.

பார்ட்டிஷன் அட்டவணை

கணினி மீண்டும் ஏறியதும் எல்எஸ்பிளாக்கை மறுபடி ஓட்டி, தாளில் எழுதிய சீரியல் எண்ணோடு ஒப்பிட்டு, இப்போது நல்ல வட்டு எந்த எழுத்தில் இருக்கிறது என்று புதிதாக உறுதிசெய்யுங்கள். நேற்றைய எஸ்டிஏ இன்று எஸ்டிபியாக இருக்கலாம். இந்த ஒரு நிமிட வேலையைத் தாண்டிவிட்டு அடுத்த கட்டளையைத் தட்டியவர்களின் தரவுதான், காலியான பார்ட்டிஷன் அட்டவணை ஒன்றால் மூடப்படுகிறது. கீழே வருபவற்றில் எஸ்டிஏ நல்லது, எஸ்டிபி புதியது என்றே தொடர்கிறேன்.

நேரம் இருந்தால் புது வட்டை ஸ்மார்ட்சிடிஎல்லின் நீண்ட சோதனைக்கு முதலில் உட்படுத்தலாம். ஆனால் இணையில் ஒன்றே மிஞ்சியிருக்கும் நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் அபாயமே. பேக்கப் கையில் இல்லாதவர் சோதனைக்காகக் காத்திருப்பதைவிடக் குறுஞ்சோதனை ஒன்றை மட்டும் ஓட்டிவிட்டு உடனே சேர்ப்பது மேல் என்பது என் கருத்து. முன்பு வேறெங்கோ பயன்பட்ட வட்டாக இருந்தால் வைப்எஃப்எஸ் கட்டளையால் பழைய அடையாளங்களை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதிலுள்ள பழைய ரெய்டு தலைப்பு (மெட்டாடேட்டா) விழித்துக்கொண்டு, எம்டி127 என்ற பெயரில் வேண்டாத ரெய்டு ஒன்று தோன்றக்கூடும். அழிக்கும் இந்தக் கட்டளையைத் தட்டும்போதும் வட்டின் எழுத்தை இருமுறை வாசியுங்கள்.

அடுத்து எஸ்டிஏவின் பார்ட்டிஷன் அமைப்பை எஸ்டிபியில் உருவாக்க வேண்டும். ஜிபிடி வகை அட்டவணைக்கு எஸ்ஜிடிஸ்க் கட்டளையின் பெரிய எழுத்து ஆர் விருப்பத்தைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதில் விருப்பத்தை ஒட்டி வரும் வட்டுதான் எழுதப்படுவது, கட்டளையின் கடைசியில் வருவதுதான் மூலம். முதலில் மூலம், பிறகு இலக்கு என்று நகலெடுக்கும் கட்டளைகளில் பழகிய கைக்கு இது நேர் எதிர். அதனால்தான் இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை. நாம் ஏற்கெனவே சேமித்து வைத்த எஸ்எஃப்டிஸ்க் கோப்பையே எஸ்எஃப்டிஸ்க்கின் உள்ளீடாக எஸ்டிபிக்குக் கொடுத்தால், கட்டளையில் ஒரேயொரு வட்டின் பெயர் மட்டுமே இருக்கும், திசை மாறும் வாய்ப்பே இல்லை. யூடில்லினக்ஸ் தொகுப்பின் 2.26ஆம் பதிப்பிலிருந்து எஸ்எஃப்டிஸ்க் ஜிபிடியையும் கையாள்கிறது. புது வட்டு பெரியதாக இருந்தால் கோப்பில் கடைசி செக்டரைக் குறிக்கும் லாஸ்ட்எல்பிஏ வரியை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

இப்படி நகலெடுத்ததில் வட்டின் அடையாள எண்ணும் பார்ட்டிஷன்களின் அடையாள எண்களும் இரண்டிலும் ஒன்றாகவே வந்துவிடும். எஸ்ஜிடிஸ்க்கைப் பெரிய எழுத்து ஜி விருப்பத்தோடு எஸ்டிபி மீது மட்டும் ஓட்டினால் புது எண்கள் வழங்கப்படும். பிறகு பார்ட்புரோப் கட்டளையால் கெர்னலுக்கு அட்டவணை மாறியதைத் தெரிவியுங்கள். எஸ்டிபி1இல் எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமை எதையும் உருவாக்க வேண்டாம். புதியவர்கள் பலர் வட்டை ஃபார்மட் செய்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். ரெய்டு கோப்புகளைப் பார்ப்பதில்லை, செக்டர்களைத்தான் பார்க்கிறது; கோப்பு முறைமையும் அதனுள் இருப்பவையும் தாமாகவே வந்து சேரும்.

சேர்த்தல்

எம்டிஆட்ம், எம்டி0, ஆட் என்ற விருப்பம், எஸ்டிபி1. இவ்வளவுதான். நொடியில் கட்டளை முடிந்து, எம்டிஸ்டாட் கோப்பில் ரெகவரி என்ற சொல்லும் சதவீதமும் மீதி நேரமும் தெரியத் தொடங்கும். வாட்ச் கட்டளையோடு கேட்டைச் சேர்த்து ஓட்டினால் இரண்டு நொடிக்கு ஒருமுறை புதுப்பித்துக் காட்டும். எஸ்டிபி1 என்ற பெயரை அடுத்த சதுர அடைப்பில் முன்பு 1 இருந்த இடத்தில் இப்போது 2 என்று வரலாம். அது வந்து சேர்ந்த சாதனத்தின் எண், பிழை அன்று.

ஆட் கட்டளை ஏதோ காரணத்தால் மறுத்தால், தேடலில் கிடைக்கும் கிரியேட் என்ற விருப்பத்தை மட்டும் தட்டவே கூடாது. கிரியேட் என்பது இருக்கும் ரெய்டைச் சரிசெய்வது அன்று. புது ரெய்டை உருவாக்கிப் பழைய தலைப்பின் மேல் எழுதுவது. தரவு தொடங்கும் இடம் சற்று மாறினாலும் அல்லது ஒத்திசைவு தவறான திசையில் ஓடினாலும், அதுவரை நலமாக இருந்த வட்டும் பயனற்றதாகிவிடும். மறுப்புக்கான காரணம் பெரும்பாலும் சாதாரணமானது: பார்ட்டிஷன் சில செக்டர்கள் சிறியது, அல்லது அதை வேறொரு ரெய்டு ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது. டிமெசேஜின் கடைசி வரிகளில் அது எழுதியிருக்கும்.

கேபிள் கழன்றதால் விழுந்த அதே பழைய வட்டைத் திரும்பச் சேர்ப்பதாக இருந்தால், ஆட்டுக்குப் பதில் ரீஆட் என்ற விருப்பம் உண்டு. ரெய்டில், மாறும் பகுதிகளைக் குறித்து வைக்கும் ரைட் இன்டென்ட் பிட்மேப் இருந்தால், இடையில் மாறிய பகுதிகளை மட்டும் எழுதி சில நிமிடங்களில் முடித்துவிடும். புது வட்டுக்கு இந்தச் சலுகை இல்லை: முழு 4 டெராபைட்டும் எழுதப்பட்டாக வேண்டும், அதில் தரவு பத்தில் ஒரு பங்கே இருந்தாலும்.

சராசரியாக நொடிக்கு 150 மெகாபைட் வேகம் கிடைத்தால் இது ஏழு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். வட்டின் வெளித்தடங்களில் வேகமும் உள்தடங்களில் மந்தமும் இயல்பு என்பதால், தொடக்கத்தில் காட்டும் மீதி நேரத்தை நம்பி இரவு உணவுக்குத் திட்டமிட வேண்டாம். ப்ராக் அடைவின் சிஸ், டெவ், ரெய்டு என்ற பாதையில் ஸ்பீட் லிமிட் மின், ஸ்பீட் லிமிட் மேக்ஸ் என்ற இரண்டு கோப்புகள் இருக்கின்றன. இயல்பு மதிப்புகள் நொடிக்கு 1,000 கிலோபைட், 2,00,000 கிலோபைட். கணினியில் வேறு வேலை நடந்தால் ரெய்டு கீழ்வரம்பு வரை பின்வாங்கும். விரைவாக முடிய வேண்டுமானால் கீழ்வரம்பை 50,000 ஆக உயர்த்தலாம், பயனர்களுக்குச் சற்று மெதுவாகத் தெரியும். இடையில் மின்சாரம் போனாலும் ரெய்டு அழிந்துவிடாது, மீண்டு வந்ததும் வேலை தொடரும்; ஆனாலும் யுபிஎஸ் இல்லாத கணினியில் இதை மின்தடை வழக்கமாக வரும் வேளையில் தொடங்காதீர்கள்.

எஸ்டிஏவில் படிக்க முடியாத செக்டர் எதிர்ப்பட்டு மீட்டுருவாக்கம் பாதியில் நின்றாலோ, ஒரே சதவீதத்தில் மீண்டும் மீண்டும் தொடங்கினாலோ, விடாமல் முயன்று அந்த வட்டைத் துன்புறுத்த வேண்டாம். ரெய்டை நிறுத்தி, ஜிஎன்யூவின் டிடிரெஸ்கியூ கருவியால் எஸ்டிஏ1 முழுவதையும் எஸ்டிபி1க்கு நகலெடுங்கள். அது முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் அள்ளிவிட்டுக் கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். அப்படி எடுத்த நகலில் ரெய்டின் தலைப்பும் இருப்பதால், எஸ்டிஏவை வெளியே எடுத்துவிட்டு எம்டிஆட்மின் அசெம்பிள், ரன் என்ற இரு விருப்பங்களோடு அதை ஒற்றை வட்டு ரெய்டாக எழுப்பி, கோப்பு முறைமையைச் சோதித்து, பிறகு மற்றொரு புது வட்டைச் சேர்க்கலாம். மூலமும் நகலும் ஒரே சமயத்தில் இணைந்திருக்க ரெய்டை எழுப்பக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாளம் என்பதால் எதை எடுப்பது என்று அதற்குத் தெரியாது.

பூட் ஆகுமா?

எம்டிஸ்டாட்டில் மீண்டும் இரண்டு யூ வந்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். தரவு வட்டுக்கு அது உண்மை. இயங்குதளமும் இதே இணையில் இருந்தால் இன்னொரு கடமை இருக்கிறது. பழைய பயாஸ் முறையில் பூட் ஆகும் கணினியில், இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் கிரப் பூட்லோடரின் முதல் பகுதி பார்ட்டிஷன்களுக்கு வெளியே இருப்பதால் ரெய்டு அதை நகலெடுப்பதில்லை. கிரப்இன்ஸ்டால் கட்டளையை எஸ்டிபி என்ற முழு வட்டின் மீது ஓட்ட வேண்டும். டெபியனில் டிபிகேஜி ரீகான்ஃபிகர் வழியாகக் கிரப்பிசி தொகுப்பைத் திறந்து இரண்டு வட்டுகளையும் தேர்ந்தெடுத்துவிட்டால், பின்னாளில் வரும் புதுப்பிப்புகளும் இரண்டிலும் எழுதப்படும்.

பயாஸுக்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ முறைக் கணினியில், பூட் கோப்புகள் இருக்கும் ஈஎஸ்பி என்ற ஃபாட் பார்ட்டிஷன் பெரும்பாலும் ரெய்டுக்கு வெளியே இருக்கும். புது வட்டின் அதே பார்ட்டிஷனில் ஃபாட் கோப்பு முறைமையை உருவாக்கி, நல்ல வட்டின் ஈஎஸ்பியில் உள்ளவற்றை அப்படியே நகலெடுத்து, ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையால் இரண்டாவது பூட் பதிவு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாதவர்களுக்கு விளைவு உடனே தெரியாது. ஓராண்டு கழித்து எஸ்டிஏ செத்து, எஸ்டிபியில் எல்லாத் தரவும் பத்திரமாக இருந்தும், கணினி கறுப்புத் திரையில் நிற்கும் அன்றுதான் தெரியும். மீட்டுருவாக்கம் முடிந்த பிறகு ஒருமுறை பயாஸ் அமைப்பில் புது வட்டை முதலாவதாக வைத்துப் பூட் செய்து பாருங்கள். மிரர் செய்யப்படாத ஸ்வாப் இருந்தால் எம்கேஸ்வாப் ஓட்டி, எஃப்எஸ்டாப் கோப்பில் புது அடையாள எண்ணை எழுதுங்கள். இல்லாவிட்டால் தொடக்கத்தில் கணினி பழைய எண்ணைத் தேடி ஒன்றரை நிமிடம் காத்திருக்கும்.

எம்டிஆட்மின் அமைப்புக் கோப்பை மாற்ற வேண்டிய தேவை பொதுவாக இல்லை. ரெய்டின் அடையாள எண் வட்டு மாறினாலும் மாறுவதில்லை. ஆனால் அந்தக் கோப்பில் மெயில்ஆடர் என்ற வரி இருக்கிறதா, அதில் எவராவது உண்மையில் படிக்கும் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். எம்டிஆட்மை மானிட்டர், ஸ்கேன், ஒன்ஷாட், டெஸ்ட் என்ற நான்கு விருப்பங்களோடு ஓட்டினால் ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒரு சோதனை மின்னஞ்சல் அனுப்பும். அது வந்து சேராவிட்டால் அடுத்த வட்டு செத்த செய்தியும் வராது. டெபியன் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று இரண்டு வட்டுகளையும் முழுமையாகப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கிறது. கணினி மெதுவாகிறது என்று அதை நிறுத்தி வைப்பவர்கள், மறைந்திருக்கும் கெட்ட செக்டர்களை மீட்டுருவாக்க நாளுக்கென்று சேமித்து வைக்கிறார்கள். அந்தச் சோதனைக்குப் பின் மிஸ்மேட்ச் (ஒத்துப்போகாத இடங்கள்) எண்ணிக்கை பூஜ்யமாக இல்லாவிட்டால் உடனே பதறவும் வேண்டாம்: ஸ்வாப் உள்ள ரெய்டு 1இல் தீங்கற்ற காரணங்களாலும் அது ஏறும்.

சாகும் முன்பே மாற்றுவது

எஸ்டிபி இன்னும் விழவில்லை, 5ஆம் எண்ணும் 197ஆம் எண்ணும் மட்டும் ஏறிக்கொண்டிருக்கின்றன என்றால், அதை வெளியேற்றிவிட்டுப் புதியதைச் சேர்ப்பது வீண் துணிச்சல். காலியான சாட்டா துளை ஒன்று இருந்தால் புது வட்டை மூன்றாவதாக மாட்டி, பார்ட்டிஷன் அமைத்து, ஆட் விருப்பத்தால் உதிரியாகச் சேர்த்து, பிறகு ரீபிளேஸ் என்ற விருப்பத்தோடு பழைய பார்ட்டிஷனையும் வித் என்ற விருப்பத்தோடு புதியதையும் கொடுங்கள். நகலெடுத்து முடியும் வரை பழைய வட்டும் பணியில் இருக்கும், ஓரிடத்தில் ஒரு வட்டால் படிக்க முடியாவிட்டால் மற்றொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும். எந்த நொடியிலும் தரவு ஒற்றை வட்டை நம்பி இராது. கெர்னல் 3.3 முதல் இவ்வசதி இருந்தும், பலர் ஃபெயில், ரிமூவ் என்றே பழகிவிட்டார்கள்.

கடைசியாக, கழற்றிய வட்டு. ரெய்டு 1இன் ஒவ்வொரு வட்டிலும் தரவு முழுவதும் இருக்கிறது. பாதி உயிரோடு இருக்கும் வட்டை வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டி, ஒற்றை வட்டு ரெய்டாக எழுப்பி எவரும் கோப்புகளைப் படிக்கலாம். வாரண்டிக்கு அனுப்புவதாக இருந்தால், வட்டு இன்னும் எழுத அனுமதிக்கும் நிலையில் ஷ்ரெட் கட்டளையால் முழுவதையும் மேலெழுதிவிட்டு அனுப்புங்கள். எழுதவே முடியாத அளவுக்குச் செத்திருந்து, அதிலுள்ள தரவு லக்ஸ் போன்ற முறையில் மறையாக்கம் செய்யப்படாததாகவும் இருந்தால், வாடிக்கையாளர் கணக்குகளோ நோயாளிகளின் விவரங்களோ கொண்ட அந்த வட்டை அனுப்பி மாற்று வட்டு பெறுவதைவிட, வாரண்டியைக் கைவிட்டுத் தகடுகளைத் துளையிட்டு அழிப்பதே பொருத்தம்.